ஹோல்பேர்ட்டுடன் மூன்று ஆட்டங்கள்

பருவத்தின் முதல் வார இறுதியில் எந்த அணியோடு மோதப் போகிறோம் என்று டெஸ்மண்ட் அறிவித்தபோது லக்‌ஷிகா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹோல்பேர்ட் கல்லூரி. சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அவள் இழுத்த இழுவையில் நாடா அறுந்து கையோடு வந்துவிட்டது.

"நீ போன வருஷம் அவர்களுக்காகத்தானே விளையாடினாய்?" என்று டெஸ்மண்ட் கேட்டான். மார்ஷ்கேற் கல்லூரியின் பேஸ்போல் அணிக்கு அவன்தான் தலைவன். டொட்டன்ஹாமில் பிறந்து வளர்ந்தவன். உயரமானவன், நிதானமாகப் பேசுபவன். "வியாழக்கிழமை எல்லாரையும் கூட்டிவைக்கிறேன். ஹோல்பேர்ட்டில் யார் எப்படி அடிப்பான், யார் எப்படி எறிவான் என்று நீ சொல்ல வேண்டும். நமக்கு ஒரு முன்னோட்டம் மாதிரி."

"சொல்கிறேன்," என்றாள் லக்‌ஷிகா. "ஒன்றும் விடாமல் சொல்கிறேன்."

அவள் மேற்படிப்புக்கு மார்ஷ்கேற்றைத் தேர்ந்தெடுத்த காரணம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இதைவிட நல்ல கல்லூரி ஒன்று அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் அங்கே பேஸ்போல் கிடையாது. மார்ஷ்கேற்றில் இருந்தது. அதுமட்டுமல்ல, மார்ஷ்கேற்றும் ஹோல்பேர்ட்டும் ஒரே பிரிவில் இருந்தன. அதை அவள் ஜூலை மாதமே பார்த்து வைத்துவிட்டாள்.

லண்டன் தமிழ்ப் பிள்ளைக்குப் பேஸ்போல் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. லக்‌ஷிகா ஒல்லாந்தில் பிறந்தவள். ஹார்லெம் நகரத்தில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பேஸ்போல் மைதானம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் போவார்கள். இவளும் போனாள். முதல் வருஷமே பயிற்சியாளர் இவளுக்கு முகமூடியையும் மார்புக் கவசத்தையும் கட்டி, அடிப்பவனுக்குப் பின்னால் குந்தவைத்துவிட்டார். அந்த இடத்தில் இருப்பவருக்குக் கட்சர் என்று பெயர். எறிபவனுக்குப் பிட்சர். அடித்தவர் ஓடித் தொடவேண்டிய மூலைகளுக்குப் பேஸ்; எல்லாவற்றையும் சுற்றிவந்தால் ஒரு ஓட்டம். எந்தப் பந்தை எறிவது என்று விரலால் சைகை காட்டுவதும், வருகிற பந்தைப் பிடிப்பதும் கட்சரின் வேலை. மைதானம் முழுவதையும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

பதினைந்து வயதில் குடும்பத்தோடு லண்டன் இல்ஃபோர்ட்டுக்கு வந்தாள். அப்பா சற்குணம் ஒல்லாந்தில் பூ ஏலச் சந்தையில் வேலை செய்தவர், இங்கே பூக்கடை போட்டார். அம்மா ஜெயகௌரிக்கு இரண்டு ஊரிலும் மகளின் விளையாட்டு பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை முகமூடியைப் போட்டுக்கொண்டு குந்திக்கொண்டிருக்கிற விளையாட்டு" என்றுதான் அவர் அதைச் சொல்வார்.

பிறகு அவள் படிக்கப்போன ஹோல்பேர்ட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் விளையாடினார்கள். அணிக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். முதல் நாள் பயிற்சியில் அவளுக்குப் பந்து எறிந்தவன் தன்னை றேய் என்று அறிமுகப்படுத்திக்கொண்டான். பெற்றோர் மொறீசியஸ்காரர் என்று மற்றவர்களிடம் சொல்லியிருந்தான். ஒருநாள் அவளுடைய பந்து அவன் கணுக்காலில் பட்டுவிட்டது. "ஐயோ அம்மா!" என்று கத்தினான். கத்தியபிறகு அவளைப் பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள்.

"யாழ்ப்பாணமோ?"

"லண்டன், கிங்ஸ்பரி," என்றான் அவனும் சிரித்தபடி. "பேர் றமணன். உவைக்குச் சொல்லிப்போடாதை."

அவள் சொல்லவில்லை. ஏன் மறைக்கிறாய் என்று கேட்கவும் இல்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் அவன் எறிந்தான், அவள் பிடித்தாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது தமிழில் பேசிக்கொள்வார்கள். அந்த இரண்டு வருஷத்தில் ஹோல்பேர்ட் அதுவரை வெல்லாத ஆட்டங்களையெல்லாம் வென்றது.

பிறகு 2009 வந்தது. ஏப்ரலில் லக்‌ஷிகா, வன்னியில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்தவர்களோடு பாராளுமன்றச் சதுக்கத்தில்தான் கிடந்தாள். அம்மாவின் தம்பி, அவளுடைய மாமா, வன்னிக்குள் மாட்டுப்பட்டிருந்தார். பயிற்சிகள் தவறின. அணியில் முணுமுணுத்தார்கள். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. மாமா ஷெல் பட்டு இறந்துவிட்டார். அம்மா சமையலறைத் தரையில் இருந்தவர் எழும்பவே இல்லை. மறுநாள் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் பட்டம். லக்‌ஷிகா ஒரே ஒருவனுக்குத்தான் அழைப்பு எடுத்தாள்.

"றமணன், மாமா செத்துப்போனார். அம்மாவை விட்டிட்டு என்னாலை வர ஏலாது. அவைக்குச் சொல்லிவிடு."

"ஓம், நான் சொல்லுறன். நீ ஒண்டுக்கும் யோசிக்காதை," என்றான் அவன்.

மறுநாள் ஹோல்பேர்ட் தோற்றது.

ஜூனில் அணி ஒல்லாந்துக்குச் சுற்றுப்பயணம் போக இருந்தது. அதுவும் ஹார்லெமுக்கு. பழைய பயிற்சியாளருக்கு லக்‌ஷிகா சொல்லிவைத்திருந்தாள். புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அணிச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: பயிற்சிக்கு வரவில்லை, அதைக்கூடப் பொறுத்தோம். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வராமல் விட்டது பெரிய பிழை. அப்படிப்பட்டவரை நம்பி வெளிநாடு கூட்டிப்போக முடியாது.

லக்‌ஷிகா றமணனைப் பார்த்தாள். அவன் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தான். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். இப்போது வாயைத் திறப்பான், இப்போது திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தாளை முழுதாக உரித்து, உருட்டி, மேசையில் வைத்தான். அவ்வளவுதான்.

தானே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மாமாவுக்கான அழுகையை அந்த மேசையில் கொண்டுபோய்க் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டாள். அணி அவளில்லாமல் ஹார்லெம் போனது. பழைய பயிற்சியாளர் மைதானத்துக்கு வந்து வேலிக்கு வெளியே நின்று, வேறொரு பெண் முகமூடியைக் கழற்றும்வரை அது லக்‌ஷிகா என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தொலைபேசியில் அவரே சொன்னார். அன்றைக்கு அவள் மனதில் ஒன்று உறைந்துபோனது. அது கோடை முழுவதும் இளகவில்லை.

வியாழக்கிழமை கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்கு மேலே இருந்த அறையில் கூடினார்கள். கீழிருந்து சிப்ஸ் பொரிக்கும் வாசனை வந்தது. லக்‌ஷிகா வெள்ளைப் பலகையில் ஹோல்பேர்ட் ஆட்களை ஒவ்வொருவராக எழுதிச் சொல்லிக்கொண்டு போனாள்.

முதலில் அடிக்க வருபவன் முதல் பந்தை ஒருபோதும் அடிக்கமாட்டான், துணிந்து நடுவில் எறியலாம். அடுத்தவன் உயரமான பந்துக்கு ஆசைப்படுவான், ஆனால் எட்டாது. மூன்றாவது ஆள் பலசாலி, ஆனால் பொறுமை இல்லை. அவனைக் காக்கவைத்தால் போதும். அவள் பேசப் பேச எல்லாரும் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"சேகர்," என்று அடுத்த பெயரை எழுதினாள். "இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்பவன். இடது முழங்காலில் போன வருஷம் அறுவைச் சிகிச்சை. வெளியில் சொல்லமாட்டான். அவனுக்கு இடப்பக்கமாக நிலத்தோடு பந்தைத் தட்டிவிட்டால் குனியப் பயப்படுவான்."

சொன்ன பிறகு கொஞ்சம் சுருக்கென்றது. சேகர் வெம்பிளிக் குஜராத்திப் பையன், அவளோடு ஒருநாளும் சண்டை பிடித்தவன் அல்ல. அவளுடைய பிறந்தநாளுக்கு அணியில் கேக் வாங்கி வந்தவன் அவன்தான். ஆனால் கூட்டத்தில் அவனும் இருந்தான், அவனும் பேசவில்லை. பெயரை அழிக்காமல் அடுத்ததற்குப் போனாள்.

"இனி றேய்."

பலகையில் எழுதவில்லை. தன் கையுறையை எடுத்து இடக்கையில் மாட்டிக்கொண்டாள். ஆட்காட்டி விரலை மட்டும் கையுறைக்கு வெளியே, முதுகுப் பக்கத்தில் வைத்தாள். "இப்படித்தான் அவன் கையுறை போடுவான். நிறையப்பேர் இப்படிப் போடுவார்கள். ஆனால் இந்த விரலைப் பாருங்கள். நேர்ப்பந்து எறியப் போகிறான் என்றால் விரல் பேசாமல் படுத்திருக்கும். வளைபந்து என்றால், உள்ளே பந்தைத் திருப்பிப் பிடிக்கும்போது இது எழும்பும்." விரலைத் தூக்கிக் காட்டினாள். "ஒவ்வொரு முறையும். தவறாமல்."

பிறகு யாரோ விசிலடித்தார்கள். அடிப்பவனுக்கு என்ன பந்து வருகிறதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிட்சரின் கதை முடிந்தது.

"அவனுக்கு இது தெரியாதா?" என்று டெஸ்மண்ட் கேட்டான்.

"தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லித் திருத்தலாம் என்று இருந்தேன். அதற்குள் வேறு விஷயங்கள் நடந்துவிட்டன."

எல்லாரும் போனபிறகு டெஸ்மண்ட் பலகையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, "நல்ல முன்னோட்டம்," என்றான். "ஆனால் லக்‌ஷி, நீ ஹோல்பேர்ட்டைப் பற்றிச் சொன்னது கொஞ்சம், அவனைப் பற்றிச் சொன்னது நிறைய. உனக்கு என்ன செய்தான்?"

"ஒன்றும் செய்யவில்லை," என்றாள் அவள். உண்மையும் அதுதான்.

சனிக்கிழமை வான்ஸ்டெட் பக்கத்து மைதானம் மழையில் ஊறிப்போய்க் கிடந்தது. காலையிலேயே ஹோல்பேர்ட் ஆட்கள் வந்துவிட்டார்கள். சிலர் அவளுக்குக் கையசைத்தார்கள். றமணன் எதிரணிக் கவசத்தில் அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். தலையை மெதுவாக ஆட்டினான். அவள் முகமூடியை இறக்கிக்கொண்டாள்.

பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். அவர்களில் ஒரு பெண், சேலைக்கு மேல் நீளமான குளிர்ச்சட்டை போட்டு, தலையில் சால்வை சுற்றி, மடக்குக் கதிரையோடு வந்து ஹோல்பேர்ட் பக்கமாக இருந்தார். றமணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவன் திரும்பாமல் இருந்த விதத்திலேயே அது அவனுடைய தாய் என்று லக்‌ஷிகாவுக்கு விளங்கிவிட்டது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவும் பார்க்கட்டும்.

பார்த்தார். றமணன் எறிந்த முதல் வளைபந்துக்கு விரல் எழும்பியது. மார்ஷ்கேற்றின் முதல் ஆட்டக்காரி அதற்காகவே காத்து நின்று, பந்து வளைந்து முடிய விட்டு, ஓங்கி அடித்தாள். அடுத்தவனும் அடித்தான். டெஸ்மண்ட் நேர்ப்பந்தை வேலிக்கு அப்பால் தூக்கினான். பந்து முட்பற்றைக்குள் போய் விழுந்தது. றமணன் நெற்றியைத் துடைத்தான், கட்சரைக் கிட்டக் கூப்பிட்டுப் பேசினான், பந்தை மாற்றிக் கேட்டான், சப்பாத்துச் சேற்றைத் தட்டினான். எதிலும் பிழை இல்லை. வேகம் இருந்தது, வளைவு இருந்தது. ஆனாலும் எறிந்ததையெல்லாம் அடித்தார்கள். என்ன நடக்கிறதென்று அவனுக்கு விளங்கவில்லை. அந்த விளங்காத முகத்தைத்தான் லக்‌ஷிகா கோடை முழுவதும் காண ஆசைப்பட்டாள். பசித்துக் கிடந்தவள் சுடுசோற்றில் கை வைத்த மாதிரி இருந்தது.

சேகரின் இடப்பக்கமாகவும் பந்துகள் போயின. இரண்டாவது தடவை அவன் குனியாமல் விட்டபோது அவனுடைய ஆட்களே அவனைத் திட்டினார்கள். லக்‌ஷிகா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் கதிரையில் இருந்த பெண் பொறுக்கமுடியாமல் எழுந்தார். "றமணா! அவசரப்படாதை! பாத்து எறி, அப்பன்!"

ஹோல்பேர்ட் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "றமணா யார்?" என்று ஒருவன் கேட்டது லக்‌ஷிகாவின் காதில் விழுந்தது. றமணன் குனிந்து நிலத்தைப் பார்த்தான். அடுத்த பந்து எங்கேயோ போனது. அவனை எடுத்துவிட்டு வேறொருவனை எறியவிட்டார்கள். ஆட்டம் மார்ஷ்கேற்றுக்கு.

இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் சாப்பாட்டு இடைவேளை. லக்‌ஷிகா கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அந்தக் கதிரையை நோக்கி நடந்தாள். ஆட்டத்தில் அடித்தது போதவில்லை. இந்தப் பெண்ணுக்குத் தன் பிள்ளை யாரென்று தெரியவேண்டும்.

"அன்ரி, நீங்கள் றமணன்ரை அம்மாவோ?"

"ஓம் பிள்ளை!" அவர் முகம் மலர்ந்தது. "தவமலர். நீர் தமிழோ? உந்த முகமூடிக்குள்ளை எனக்குத் தெரியேல்லை. இருமன், தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

"வேண்டாம் அன்ரி. நான் லக்‌ஷிகா. போன வருஷம் அவரோடைதான் விளையாடினனான். என்ரை மாமா வன்னியிலை செத்தவர். மே மாசம். வர ஏலாது, எல்லாருக்கும் சொல்லிவிடு எண்டு உங்கட மகனுக்குத்தான் போன் எடுத்துச் சொன்னனான். சொல்லுறன் எண்டவர். சொல்லேல்லை. சொல்லாமல் விட்டதாலை என்னை டீமை விட்டு எடுத்தவை. அப்பவும் அவர் முன்னாலைதான் இருந்தவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

ஊற்றிய தேத்தண்ணீர்க் கோப்பை தவமலரின் கையிலேயே நின்றது. பிறகு, "மே மாசம் எப்ப பிள்ளை?" என்று கேட்டார்.

"கடைசி மட்சுக்கு முதல் நாள்."

"எங்கட தங்கச்சியும் அந்தக் கிழமைதான் போனவள்," என்றார் தவமலர். "தங்கச்சியும் அவளின்ரை மூத்த பிள்ளையும். எங்களுக்கு வியாழக்கிழமை தெரியும். சனிக்கிழமை இவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறான். வீடு கிடக்கிற கிடையிலை விளையாடப் போறியோடா எண்டு கேட்டன். போகாட்டி ஏன் வரேல்லை எண்டு கேப்பினம் அம்மா எண்டான். போயிட்டான்."

அந்த மைதானம், அந்தக் குளிர், தூரத்தில் சான்ட்விச் தின்னும் ஆட்கள், எல்லாம் லக்‌ஷிகாவுக்குச் சற்று விலகிப்போன மாதிரி இருந்தது. வியாழக்கிழமை. அவள் வெள்ளிக்கிழமை அழைத்தபோது அவனுடைய வீட்டிலும் அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள். அதை அவன் அவளுக்குக்கூடச் சொல்லவில்லை.

இரக்கம் வந்தது. வரவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்குப் பின்னாலேயே, அதைவிடப் பெரிதாக, கோபம் வந்தது. ஒன்றும் தெரியாதவன் பேசாமல் இருந்தான் என்றால் ஒருமாதிரி. இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் வீட்டுத் தரையில் என்ன கிடந்தது என்று அந்த மேசையில் இருந்தவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டுதான் போத்தல் தாளை உரித்திருக்கிறான்.

"அப்ப அவருக்கு விளங்கியிருக்கு அன்ரி," என்றாள். "விளங்கித்தான் செய்திருக்கிறார்."

தவமலர் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தார். "றமணா! இஞ்சை வா!"

மைதானத்தின் அந்தக் கரைவரைக்கும் கேட்டது. அவன் வந்தான். வரும்போதே லக்‌ஷிகாவைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் புரிந்துகொண்டவனைப் போல நடந்து வந்தான்.

"இந்தப் பிள்ளை சொல்லுறது உண்மையோ?"

"ஓம் அம்மா."

"ஏன்ரா?"

அவன் தாயைப் பார்க்காமல் சொன்னான். "இவளுக்காகக் கதைச்சால் இவள் ஏன் எனக்குப் போன் எடுத்தவள் எண்டு கேட்டிருப்பினம். பிறகு நானும் தமிழெண்டு தெரிஞ்சு, எங்கட வீட்டுக் கதையும் வந்திருக்கும். எனக்கு... எனக்கு அதை அவைக்கு முன்னாலை சொல்ல ஏலாமல் போச்சு."

"எனக்கும்தான் ஏலாமல் போச்சு," என்றாள் லக்‌ஷிகா. "அதாலைதான் உன்னட்டைச் சொன்னனான்."

தவமலர் மகனின் தோளைப் பிடித்து அவனுடைய ஆட்கள் இருந்த பக்கமாகத் திருப்பினார். "போய்ச் சொல்லு. உன்ரை பேரையும் சொல்லு. சித்தியின்ரை பேரையும் சொல்லு. இந்தப் பிள்ளையின்ரை மாமாவையும் சொல்லு. சொல்லாமல் வீட்டுக்கு வராதை."

அவன் போனான். சொன்னானோ இல்லையோ என்று நின்று பார்க்க லக்‌ஷிகாவுக்கு விருப்பமில்லை. திரும்பும்போது தவமலர் அவள் கையைப் பிடித்தார். "அம்மாவின்ரை நம்பரை ஒருக்காத் தாரும் பிள்ளை. என்னோடை கதைப்பாவோ தெரியாது. கேட்டுப் பாக்கிறன்." கொடுக்காமல் விட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கொடுத்தாள்.

பின்னேர ஆட்டத்தில் ஹோல்பேர்ட் வேறொரு பிட்சரைக் கொண்டு வென்றது. லக்‌ஷிகா இரண்டு பந்தைக் கைநழுவ விட்டாள். ஆட்டம் முடிந்து வரிசையில் கைகுலுக்கும்போது ஹோல்பேர்ட் செயலாளர் அவளிடம் தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டார். றேய் சொன்னானாம். அவள், "இப்போது சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு வெற்றி என்ற நிலையில் மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. இழுபறியாகப் போனது. கடைசி இன்னிங்ஸில் ஹோல்பேர்ட் ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. மார்ஷ்கேற்றுக்கு இரண்டு பேர் பேஸில், இரண்டு பேர் அவுட். அடிக்க வேண்டியவள் லக்‌ஷிகா. ஹோல்பேர்ட் பிட்சரை மாற்றியது. வந்தவன் றமணன்.

அவனுடைய ஆட்கள் கைதட்டினார்கள். "வா, றமணா!" என்று சேகர் கத்தினான். அந்தப் பெயரை அவன் உரக்கச் சொன்ன விதம் புதுசாக இருந்தது.

லக்‌ஷிகா மட்டையைப் பிடித்து நின்றாள். விரல் வெளியில்தான் இருந்தது. எழும்பியது. வளைபந்து. ஆனால் வந்த பந்தில் வளைவும் இல்லை, வேகமும் இல்லை. அடி என்று கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி வந்தது. ஏதோ உறுத்த, அவள் அடிக்காமல் விட்டாள். ஸ்றைக் என்றார் நடுவர்.

அடுத்தது. விரல் நன்றாகப் படுத்திருந்தது. அவன் அதை அவளுக்குத் தெரியும்படி கையுறையைச் சற்று முன்னுக்குப் பிடித்திருந்தான். நேர்ப்பந்து, நட்ட நடுவில். அவள் அடிக்கவில்லை. இரண்டாவது ஸ்றைக். இன்னொன்று போனால் அவுட், ஆட்டமும் முடிந்தது. பின்னாலிருந்து டெஸ்மண்ட், "லக்‌ஷி, என்ன செய்கிறாய்?" என்று கத்தினான்.

அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. நேற்று எப்படி அடித்தார்கள் என்பதை இவன் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தும் விரலை மறைக்கவில்லை. வேண்டுமென்றே காட்டுகிறான். ஒரு அடியை அவளுக்குத் தானம் செய்துவிட்டுக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறான்.

இரத்தம் தலைக்கு ஏறியது. நடுவரிடம் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு அடி முன்னுக்கு வந்தாள். எல்லாருக்கும் கேட்கத் தமிழிலேயே சொன்னாள்.

"எனக்குப் பிச்சை போடாதை, றமணன். விரலை உள்ளுக்கை விட்டிட்டு ஒழுங்கா எறி. உனக்கு மனசு ஆறுறதுக்கு நான் அடிக்கமாட்டன்."

அவனைத் தவிர யாருக்கும் மொழி விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. றமணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு விரலைக் கையுறைக்குள் விட்டான்.

அடுத்த பந்து சீறிக்கொண்டு வந்தது. மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்னால் பறந்தது; அது கணக்கில் சேராது. அதற்கடுத்தது வளைந்து வெளியே போக, அவள் கடைசி நொடியில் மட்டையை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வருஷம் அவள் பிடித்த கை அது. அவனுடைய உண்மையான பந்து எவ்வளவு நல்லது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு சைகையும் இல்லை, ஒரு துப்பும் இல்லை. அவன் கையை ஓங்கினான். நேர்ப்பந்து, உட்பக்கமாக, அவன் எறியக்கூடிய அத்தனை வேகத்தோடும்.

அடித்தாள். பந்து சேகருக்கும் அடுத்தவனுக்கும் இடையில் கிழித்துக்கொண்டு போய்ப் பின்வேலியில் மோதியது. ஒருவன் ஓடி வந்தான், இரண்டாமவள் சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்து, அடிக்கிற இடத்தில் பதித்திருந்த தட்டைத் தொட்டாள். மார்ஷ்கேற் வென்றது. இரண்டாம் பேஸில் நின்ற லக்‌ஷிகா கைகள் இரண்டையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினாள். வெட்கப்படவில்லை. சந்தோஷத்தில் கலப்படம் ஏதும் இருக்கிறதா என்று தேடவும் இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு அவன் வந்தான். "நான் நேற்றைக்கே அவைக்குச் சொல்லிப்போட்டன்," என்றான். "எல்லாம்."

"தெரியும்."

"அப்ப... சரிதானே?"

"இல்லை," என்றாள் லக்‌ஷிகா. "சரியில்லை. உன்ரை சித்திக்கு நான் கவலைப்படுறன், உண்மையா. ஆனா நீ சொல்லவேண்டியது மே மாசத்திலை. அந்த நேரம் போயிட்டுது."

அவன் தலையாட்டினான். அவள் சேகரிடம் போய், முழங்கால் விஷயத்தை வியாழக்கிழமை சொன்னது தான்தான் என்றாள். சேகர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பதில் சொல்லாமல் போனான். அதையும் அவள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையலறையில் தொலைபேசியோடு நின்றார். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. "ஓம், ஓம், முள்ளிவாய்க்காலுக்கு முதல் இரட்டைவாய்க்காலிலை இருந்தவை... ஓம், உங்கட தங்கச்சியவையும் அந்தப் பக்கமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மே மாதத்துக்குப் பிறகு அம்மா தம்பியைப் பற்றி யாரோடும் இப்படி வாய்விட்டுப் பேசி லக்‌ஷிகா கேட்டதில்லை. அப்பாவோடுகூட இல்லை. இடையில் அழுதார், மூக்கைச் சிந்தினார், திரும்பப் பேசினார். தம்பி சின்ன வயதில் சைக்கிளோடு கிணற்றுக்குள் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தார். லக்‌ஷிகா அடுப்பைக் குறைத்துவிட்டு, கறியைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

ஜெயகௌரி தொலைபேசியைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "கிங்ஸ்பரியிலை இருந்து தவமலரக்கா. அடுத்த ஞாயிறு எங்களைத் தங்கட வீட்டை வரட்டாம். மகன் உன்னோடை விளையாடினவராமே. எப்பிடிப் பிள்ளை? நல்ல பொடியனோ?"

லக்‌ஷிகா அகப்பையைத் தட்டிச் சட்டியில் வைத்தாள்.

"நல்லா எறிவான் அம்மா," என்றாள். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் வரேல்லை."